அடங்கிடுச்சு

மல்லிகைப் பூவைத் தலையில் வைக்க எல்லோருக்கும் தெரியும். பிள்ளை செத்துப் பிறந்தவளுக்கு அதை எங்கே வைப்பார்கள் என்பது, அப்படிப் பறிகொடுத்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வேலம்மாள் முந்தானையில் ஏந்தி வந்த பூவை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினாள். அதை மருமகள் ரஞ்சனியின் மார்போடு சேர்த்து வைத்து, முதுகுப் பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டாள். பால் வற்றுவதற்கு அதுதான் அந்தப் பக்கத்து மருந்து. காலையில் கட்டினால் சாயங்காலத்துக்குள் பூ வாடி, துணி நனைந்து, ஒரு புளித்த வாசனை அடிக்கும். அதை அவிழ்த்து எறிந்துவிட்டு மறுபடியும் புதுப் பூ வைப்பாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்லீங்க அத்தை."

இறுக்கமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று ரஞ்சனிக்குத் தோன்றவில்லை. வேலம்மாள் பொல்லாத மாமியார் கிடையாது. முடிச்சு உறுத்துமோ என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

பிள்ளை போய் இரண்டு வாரம் ஆகப் போகிறது. ரஞ்சனி இதுவரை அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுது பார்த்தார்கள். அவள் அவர்கள் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ளுக்குள்ளயே வச்சிக்கிறா பாவம்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை. சோற்றில் ருசியில்லை, உப்பு உறைக்கவில்லை. கணவன் சுரேஷ்குமார் கதவோரம் நின்று "சாப்பிட்டியா" என்று கேட்டால், "சாப்பிட்டேன்" என்று சொல்ல முடிந்தது. அதற்கு மேல் அவளிடம் எதுவும் மிச்சமில்லை. மார்பு மட்டும் விஷயம் தெரியாமல் வேளாவேளைக்குச் சுரந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மாதம் நிறைந்திருந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ரஞ்சனி மாமியாரிடம் போய், "அத்தை, நேத்துலேருந்து புள்ள சரியா உதைக்கவே இல்ல" என்றாள். வேலம்மாள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வயிற்றில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அடங்கிடுச்சு" என்றாள்.

திருவெள்ளறையைச் சுற்றியுள்ள அந்தப் பூக்காட்டு ஊர்களில் அது நல்ல சேதி. கடைசி மாதத்தில் தலை கீழே இறங்கிவிட்டால் பிள்ளை ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, வெளியே வருவதற்குத் தயாராகிச் சும்மா இருக்குமாம். வேலம்மாளுக்கு அவள் அம்மா சொன்னது. அம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஊரில் பிரசவத்தைப் பற்றித் தெரியாத ஆளே கிடையாது. பப்பாளியைத் தொட்டாலே ஆகாது என்பார்கள். குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பார்கள். ஒரு நாள் வயிற்று வலியைத் தாங்காத ஆம்பிளைகூட டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வயிறு இருக்கிற வாகை வைத்து ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்வான். அதிலெல்லாம் பெரிதாக ஒன்றும் கெட்டுப் போவதில்லை, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். இந்த ஒரு வார்த்தையை அப்படி விடுவதற்கில்லை.

அன்றைக்கு வேலம்மாள் சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ரெண்டு நாளில் வலி எடுத்துவிடும் என்றாள். சொன்னபடியே எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வயிற்றுக்குள் துடிப்பு இல்லை.

"எப்போலேருந்தும்மா அசைவு இல்ல?" என்று அங்கே கேட்டார்கள். ரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் வேலம்மாள் முந்திக்கொண்டு, "காலையிலகூட நல்லா உதைச்சுதுங்க" என்றாள். ரஞ்சனி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை. பிறந்தது ஆண் பிள்ளை. கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கொடிதான் காரணம் என்று ஊருக்கே முடிவாகிவிட்டது. கொடி சுற்றினால் யார் என்ன செய்ய முடியும், விதி என்றார்கள். ரஞ்சனியும் அதையே பிடித்துக்கொண்டாள். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. யாரையும் வெறுக்க வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்த தன்னையும் சேர்த்து.

அந்த வீட்டில் இன்னொரு வயிறும் இருந்தது. சுரேஷ்குமாரின் தங்கை பானுமதி. மன்னார்புரத்தில் டயர் கடை வைத்திருக்கும் முருகானந்தத்துக்குக் கட்டிக்கொடுத்த பெண், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ரஞ்சனிக்கு அப்படிப் போக ஓர் இடமில்லை. அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒற்றை ரூமில் கிடக்கிறான். அதனால் நாத்தனாரும் அண்ணியுமாக ஒரே வீட்டில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். யார் பிள்ளை பலமாக உதைக்கிறது என்று ஒருத்தி வயிற்றில் ஒருத்தி கை வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

இப்போது அதெல்லாம் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் நிழல்கூட மாசமாக இருப்பவள்மேல் விழக் கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு. ரஞ்சனியின் பாயும் தலையணையும் கொல்லைப்பக்கம் உர மூட்டை போட்டு வைக்கிற அறைக்குப் போயின. அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். குக்கர் சத்தமும் டி.வி. சத்தமும் கேட்கும். பானுமதி கை அசைக்கும்போதெல்லாம் வளைகாப்பு வளையல் குலுங்குவதும் கேட்கும். ரஞ்சனி கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். பொறாமைகூட வரவில்லை. வந்தால் தேவலை என்று ஒரு நாள் நினைத்தாள்.

அன்று காலை பூவைக் கட்டிவிட்டு வேலம்மாள் அடுப்படிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பானுமதியின் குரல் கேட்டது.

"அம்மா, நேத்து மத்தியானத்துலேருந்து இவன் சும்மாவே இருக்கான்மா."

"எங்க, காட்டு."

வளையல் குலுங்கியது.

"தலை இறங்கியிருக்குடி. அடங்கிடுச்சு. இன்னும் ரெண்டு மூணு நாள்தான்."

"நர்ஸம்மா இன்னும் நாள் கெடக்குன்னாங்களே?"

"நர்ஸம்மாவா வந்து பெத்துக் குடுக்கப் போறா? நீ கஞ்சியைக் குடி. நான் தோட்டத்துல ஆளுங்களைப் பாத்துட்டு வந்துடறேன்."

ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் அதே வார்த்தை எப்படி அவள் வாயில் வந்தது என்று கேட்கலாம். வந்ததுதான் இயற்கை. அந்த வார்த்தையை இன்றைக்குச் சந்தேகப்பட்டால், அன்றைக்கும் அது தப்பு என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் பேரனைக் கொன்றது கொடியில்லை. வேலம்மாளால் அதைத் தாங்க முடியாது. அதனால் முன்னைவிட இன்னும் சத்தமாக, இன்னும் சந்தோஷமாகச் சொன்னாள்.

ரஞ்சனி எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் உடம்பு நகரவில்லை. எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை போல இருந்தது. எதிரே யூரியா மூட்டை இருந்தது. அதன் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். நமக்கென்ன, அவளுக்கு அம்மா இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது. இன்னொரு நினைப்பும் வந்தது. அதை அவள் முழுசாக நினைத்து முடிக்கவில்லை.

வாசலில் ரஃபீக்கின் லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. தினமும் இரண்டாம் நடைப் பூவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. முதல் நடையோடு சுரேஷ்குமார் விடியும்போதே போயிருப்பான். மூட்டையை ஏற்றிவிட்டால் ரஃபீக் போய்விடுவார். பிறகு வேலம்மாள் தோட்டத்திலிருந்து திரும்பி வந்துவிடுவாள். அது தெரிந்ததும் ரஞ்சனியின் கால் தானாகத் தரையில் ஊன்றியது.

கூடத்தில் பானுமதி கஞ்சித் தம்ளரோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் சட்டென்று முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். மூடின பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது போலும், முகம் சிறுத்துப் போயிற்று.

"அண்ணி, நீங்க இங்க வரக்கூடாதுன்னு அம்மா..."

"கடைசியா எப்போ உதைச்சுது?"

"நேத்து மத்தியானம். சாப்புட்டப்ப. அதுக்கப்புறம் இல்ல. அடங்கிடுச்சுன்னு அம்மா சொன்னாங்க."

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க" என்றாள் ரஞ்சனி.

பானுமதி தம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் உடனே எழுந்தாள். செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் கிடைத்தது, அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு வாசலுக்கு வந்தாள்.

"பாய், ஆஸ்பத்திரிக்குப் போகணும். பூவோட பூவா எங்களையும் ஏத்திக்குங்க" என்றாள் ரஞ்சனி. ரஃபீக் இரண்டு பெண்களையும் பார்த்தார். ஒருத்தி இரண்டு வாரமாக வெளியே தலைகாட்டாதவள், இன்னொருத்தி நிறைமாசம். மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, சாக்கை மடித்துப் போட்டு, பானுமதி ஏற ஒரு ஸ்டூலை எடுத்து வைத்தார்.

வண்டி சந்து திரும்பும்போது வேலம்மாள் வரப்பிலிருந்து ஓடி வந்தாள். காலெல்லாம் சேறு. ரஃபீக் நிறுத்தினார், என்ன இருந்தாலும் அவள் வீட்டுப் பூ.

"எங்கடி போறீங்க? தீட்டோட அவளைத் தொட்டுட்டியா நீ?"

"போயிட்டு வந்து பேசிக்கலாம் அத்தை."

"உன் புள்ள போச்சுன்னா, என் பொண்ணு வயித்துலயும் வந்து விழணுமா உன் கண்ணு?"

ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டார். பானுமதி "அம்மா" என்றாள். மாமியாரின் அந்த வார்த்தை ரஞ்சனியின் காதில் விழுந்தது, புரிந்தது, ஆனால் எங்கேயும் போய்க் குத்தவில்லை. மரத்துப் போன இடத்தில் ஊசி போட்ட மாதிரிதான். ஒரு வகையில் அன்றைக்கு அது உபயோகமாக இருந்தது.

"நீங்களும் ஏறுங்கம்மா, இடம் இருக்கு" என்றார் ரஃபீக். வேலம்மாள் ஏறவில்லை. வண்டி கிளம்பிற்று.

மண்ணச்சநல்லூர் தாண்டி, டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறும் வரை ரஞ்சனியின் உள்ளங்கை பானுமதியின் வயிற்றின்மேல் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போட்டபோது, உதைத்ததா என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டிதான் குலுங்கியது. ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

உர மூட்டை அறையில் பாதியில் விட்ட நினைப்பு பாலத்தின்மேல் முழுசாக வந்துவிட்டது. இந்தப் பிள்ளை பிழைத்துவிட்டால், என் பிள்ளையும் பிழைத்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வண்டி ஏறியிருந்தால் போதும். இந்தப் பிள்ளையும் இல்லையென்றால், எல்லாம் விதி, யார் மேலும் குற்றமில்லை. அவளுக்குள் பாதி, துடிப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. மறுபாதி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டது. இப்படி ஒருத்தி இருக்க முடியுமா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட ஒருவர்தான் வரலாம் என்றார்கள். ரஞ்சனி போனாள். இளவயது டாக்டர் ஒருத்தி பானுமதியைப் படுக்க வைத்து, வயிற்றில் பசை தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்தினாள். முதலில் வெறும் கரகரப்பு. இடத்தை மாற்றினாள். மறுபடி கரகரப்பு. பானுமதி ரஞ்சனியின் விரல்களைப் பிடித்து நெரித்தாள். இதே மாதிரி ஒரு கட்டிலில், இதே கரகரப்பைக் கேட்டுக்கொண்டு தான் படுத்திருந்ததைத் தவிர ரஞ்சனிக்கு வேறெதுவும் நினைவில் வரவில்லை.

பிறகு அது கேட்டது. டக் டக் டக் என்று, பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி ஒரு வேகம்.

பானுமதி "அண்ணி, இருக்கு" என்றாள். "இருக்கு" என்றாள் ரஞ்சனியும். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. சத்தம் நடுநடுவே தளர்ந்து தளர்ந்து வந்தது. ஸ்கேன் பார்த்தாள். பனிக்குடத் தண்ணீர் வற்றியிருந்தது. "இப்பவே எடுத்தாகணும்" என்று நர்ஸிடம் சொன்னாள். முருகானந்தத்துக்குப் போன் போட்டார்கள், அவன் மன்னார்புரத்திலிருந்து "எடுங்க, எடுங்க, நான் வரேன்" என்று கத்தினான். பானுமதியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது டாக்டர் ரஞ்சனியிடம் திரும்பினாள்.

"நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க. புள்ள அடங்குறதுன்னு ஒண்ணு கிடையாதும்மா. பொறக்குற வரைக்கும் அது அசையணும். அசைவு கொறைஞ்சா, எனக்கு முடியல, காப்பாத்துங்கன்னு அது கூப்புடுதுன்னு அர்த்தம்."

"கொடி சுத்தியிருந்தா?" என்று கேட்டாள் ரஞ்சனி. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கொடி நிறைய புள்ளைங்களுக்குச் சுத்தித்தாம்மா இருக்கும். பெரும்பாலும் நல்லாத்தான் பொறக்குதுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் தியேட்டருக்குள் போனாள்.

ரஞ்சனி வெளியே வந்து சுவரோரம் நின்றாள். மார்க்கெட்டிலிருந்து சுரேஷ்குமார் ஓடி வந்தான், சட்டையில் பூவிதழ் ஒட்டியிருந்தது. அம்மா போனில் ஏதேதோ சொல்லி அழுததாகச் சொன்னான். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் எதையும் மறைத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. "உள்ள கொண்டு போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலம்மாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. மருமகளிடம் வரவில்லை. மகனிடமும் வரவில்லை. எதிர் வரிசைப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, கையைத் தன் மடியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு தொட்டுப் பார்க்கிற கை அது. அவளுக்கும் அப்போது தெரிந்திருக்க வேண்டும். மகள் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்துப் பெருமாளையும் சமயபுரத்தாளையும் ஒருசேரக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அது பிழைத்தால் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள். அதற்காகவாவது அவளைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

தியேட்டர் கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் அழுகை வந்தது. மெல்லிசாக, விட்டு விட்டு, பிறகு பலமாக.

ஷஹனாஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ், பச்சைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். "பொண்ணு. எடை கொஞ்சம் கம்மி, ரெண்டு நாள் கண்ணாடிப் பொட்டியில வச்சிப் பாப்பாங்க. அம்மா நல்லா இருக்காங்க." சுரேஷ்குமார் எட்டிப் பார்த்துச் சிரித்தான். நர்ஸ் துணியை விலக்கி, நின்றுகொண்டிருந்த ரஞ்சனியிடம் காட்டினாள். குழந்தை வாயைத் திறந்து, காலை மடக்கி ஓங்கி உதைத்தது.

ரஞ்சனியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவள் குரல் மாதிரி இல்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள், மூச்சு வாங்க, வாயில் எச்சில் ஒழுக. வலித்தது. இரண்டு வாரமாக இல்லாத வலி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வலித்தது. காரிடாரில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நர்ஸ் பயந்து போனாள். "ஏம்மா, நல்ல சேதிதானே? புள்ள நல்லா இருக்கு. கண்ணைத் தொடைங்க, சந்தோஷப்படுற நேரத்துல இப்படியா அழுவாங்க?"

எதிர்ப் பெஞ்சிலிருந்து வேலம்மாள் எழுந்து வந்தாள். பேத்தியைப் பார்க்கவில்லை. மருமகளின் பக்கத்தில் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். தொடக் கையை நீட்டி, தொடாமல் விட்டாள்.

"அவ இந்தப் புள்ளைக்கு அழலம்மா" என்றாள் நர்ஸிடம். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ புள்ளைக்கு அழறா. அசைவு இல்லன்னு வெள்ளிக்கிழமையே எங்கிட்ட வந்து சொன்னாடா. நான்தான் கூட்டிட்டு வரல."